அக்கா வந்தால்தான் ஓடும்

"அக்கா, ஓடல."

காலையில் அவள் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்பே இந்த இரண்டு வார்த்தைகள் வந்து விழுந்துவிடும். வணக்கம் கிடையாது, சாப்டீங்களா கிடையாது. டிசைனர் பெண் நாற்காலியை விட்டு எழாமலே உருண்டு வந்து சொல்வாள். அவளுக்குப் பின்னால் டெஸ்டர் காபிக் கோப்பையோடு நின்று தலையை ஆட்டுவார். எது ஓடவில்லை, என்ன செய்தபோது ஓடவில்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஓடவில்லை, அவ்வளவுதான். மீதியை அக்கா பார்த்துக்கொள்வாள்.

ஆபீஸில் அவளுக்கு வேறு பெயரே கிடையாது. அவளைவிட வயதில் மூத்தவரான டெஸ்டருக்கும் அவள் அக்காதான். மேனேஜர்கூட யாராவது சந்தேகம் கேட்டால், "அக்காவைக் கேளுங்க" என்று கையை விரித்துவிடுவார். உண்மையிலேயே அவளை அக்கா என்று கூப்பிடப் பிறந்த தங்கை ஒருத்தி வேறு ஊரில் இருந்தாள். "எனக்கு ஒருத்திக்குத்தானே நீ அக்கா? இத்தனை பேருக்கு எப்ப பங்கு போட்டுக் குடுத்த?" என்று போனில் கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். உள்ளே ஒரு முள் இருக்கும்.

டயர்க் கடைக்கு மேலே இருந்தது அந்த ஆபீஸ். நீள மேசை ஒன்று, தரையில் டேப் போட்டு ஒட்டிய கேபிள்கள், பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்துத் திறக்கும் ஜன்னல். மரச்சாமான் கடைக்கும் பல் டாக்டருக்கும் சுற்றுலா நடத்துகிறவருக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் இந்தத் தொழிலில் இல்லாதவர்கள். மரக்கடை வெப்சைட்டுக்கு ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு வேண்டும், பல் டாக்டருக்கு அதே மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும். புதியதைப் போட்டால் மரக்கடை படுத்துவிடும். பழையதைத் திரும்பப் போட்டால் பல் டாக்டர் பல்லைக் காட்டுவார். ஒரு லேப்டாப்பில் சரி செய்ததை அடுத்த லேப்டாப்பில் அப்படியே செய்தால் வேறு எங்கேயோ உதைக்கும். இப்படி ஊரார் லேப்டாப்பையெல்லாம் சீர் பண்ணியே அவள் பொழுது போயிற்று. தன்னுடைய வேலையை எல்லோரும் போன பிறகு செய்தாள்.

மண்டை காய்ந்துபோய்தான் அவள் கன்டெய்னர் முறைக்கு வந்தாள். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் வேண்டியதையெல்லாம் தனித்தனிப் பெட்டிகளாகக் கட்டிவிடுவது. வெப்சைட் ஓட ஒரு பெட்டி, அதன் தகவலெல்லாம் இருக்கும் டேட்டாபேஸுக்கு இன்னொரு பெட்டி. யாருடைய லேப்டாப்பில் வேறு என்ன குப்பை கிடந்தாலும் பெட்டிக்குள் இருப்பது மாறாது. ஒரே ஒரு கட்டளை அடித்தால் அவரவர் லேப்டாப்பிலேயே எல்லாம் எழுந்து நிற்க வேண்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அக்காவைக் கேட்க வேண்டியதே இல்லை. அதற்காகத்தான் இத்தனையும்.

கண்ணும் கருத்துமாகச் செய்து முடித்தாள். எல்லோருக்கும் போட்டும் கொடுத்தாள். ஓடியது.

மறுநாள் காலை படியேறி வந்து பையை இறக்கப் போனாள். "அக்கா, ஓடல" என்றாள் டிசைனர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, டிசைனர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்க, இப்ப ஓட்டு பாப்போம்" என்றாள். ஓடியது. வழுக்கிக்கொண்டு ஓடியது.

"சத்தியமா இவ்வளவு நேரம் ஓடலக்கா."

"அப்ப நான் என்ன பண்ணேன் இப்ப?"

"நீங்க வந்தீங்க."

டாக்டரைக் கண்டதும் காணாமல் போகும் வயிற்றுவலி மாதிரிதான். நாளாக நாளாக அதை ஆபீஸே ஒரு வழக்கமாக ஆக்கிக்கொண்டது. அக்கா வருகிறவரை யாரும் வேலையைத் தொடுவதில்லை. கீழே நின்று டயர்க்கடைக்காரரோடு அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் தலை தெரிந்ததும், "ராசி வந்தாச்சு, வாங்க மேல போலாம்" என்பார் டெஸ்டர். காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் படுத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து ஒருவருக்கும் ஓடவில்லை. மறுநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், ஓடியது. சிரித்தார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் ஓடுகிற ஒன்றை என்னவென்று ஆராய்வது? ஓடாதபோது பார்க்கலாம் என்றால், அவள் எதிரே அது ஓடாமல் இருந்தால்தானே.

போதாக்குறைக்கு அவள் லேப்டாப் வேறு உயிரை வாங்கியது. எதைத் திறந்தாலும் ஆமை வேகம், மடியில் வைத்தால் தோசைக்கல். மற்றவர்களுடையது அதே வயசு லேப்டாப்தான், சொகுசாகக் கிடந்தது. "உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி உழைக்குது?" என்று டெஸ்டர் கேட்டார். எதையும் நம்பாத மனிதர் அவர், அதனாலேயே செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிற அந்த வேலைக்கு எடுத்தார்கள். இன்னொரு நாள் அவரே, "நான் என் லேப்டாப்புல போட்ட ஆர்டர் டிசைனர் லேப்டாப்புலயும் தெரியுதே, அது எப்படிம்மா?" என்றார். அவள் அப்போது மேனேஜருக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சா நல்லதுதானே சார்" என்று சொல்லிவிட்டாள். இவ்வளவு கெட்டிக்காரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

தங்கை கர்ப்பமாக இருந்தாள். தங்கையின் கணவர் நல்ல மனிதர், ஆனால் ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நாற்காலி தேடுகிறவர். பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள். "நீ வா. ஆனா லேப்டாப் வரக்கூடாது" என்றாள் தங்கை.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கன்டெய்னர் வருவதற்கெல்லாம் முன்னால், அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. அவரை உள்ளே கொண்டுபோகும்போது, "பெரியவ எங்க?" என்று கேட்டார். பெரியவள் வராந்தாவின் கோடியில் தரையில் உட்கார்ந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, டிசைனரின் லேப்டாப்பில் எதை அழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது. அப்பா பிழைத்து வந்துவிட்டார், இப்போது அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டலும் செய்கிறார். தங்கை மட்டும் ஒருநாளும் அதை வைத்துக் கிண்டல் செய்ததில்லை.

இந்த முறை தங்கையின் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அக்காவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மேனேஜரிடம் லீவு கேட்டாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். "மரக்கடைக்காரர் அந்த வாரம்தான் வர்றார். நீங்க இல்லாம ஓடுமா?"

"ஓடும். ஓடணும்னுதானே சார் செஞ்சேன்."

"ஓட்டிக் காட்டுங்க. எல்லாரோட லேப்டாப்புலயும் மொத்தத்தையும் அழிச்சிட்டு, முதல்லேருந்து அவங்களே போடட்டும். நீங்க கை வைக்கக் கூடாது. வாயும் திறக்கக் கூடாது. ஓடிச்சுன்னா போங்க."

நியாயமான நிபந்தனைதான். அவளைத் தவிர எல்லோரும் அழித்தார்கள். அவள் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து அவர்களே போட்டார்கள். அவள் தன் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் லேப்டாப் திறந்தபடி இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லேப்டாப்பாக மரக்கடை எழுந்து நின்றது. டிசைனர் கை தட்டினாள். டெஸ்டர் இரண்டு ஆர்டர் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் எனக்கு நம்பிக்கை வரல" என்றார். அவருக்கு எதில்தான் நம்பிக்கை வந்தது? "போயிட்டு வாங்க" என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் லேப்டாப்பை அணைத்து, மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை மேனேஜரிடம் கொடுத்தாள். படி இறங்கும்போது பை காற்றாக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு "அப்பாடா" என்று இருந்தது.

அன்றிரவே தங்கையின் ஊர் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரியில் தங்கைக்கு வலி எடுத்துவிட்டது. அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தாள். வலி வரும்போது தங்கை அவள் விரல்களை நெரித்தாள். விட்டதும், "வலிக்குதா?" என்று அக்காவைக் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்போது நர்ஸ் வந்து, "வெளியில உங்களைக் கூப்பிடறாங்க" என்றாள்.

கதவுக்கு வெளியே தங்கையின் கணவர் தன் போனை ஏதோ சூடான பாத்திரம் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார். லீவு எழுதிக் கொடுத்தபோது, அவசரத்துக்கு என்று அவருடைய நம்பரைத்தான் அவள் கொடுத்திருந்தாள். "உங்க ஆபீஸ். விடாம அடிக்கிறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"ஒருத்தருக்கும் ஓடல" என்றார் மேனேஜர். குரலே சரியில்லை. "மரக்கடைக்காரர் வந்து உக்காந்திருக்கார்."

"எதையாவது மாத்தினீங்களா?"

"ஒரு புள்ளி கூட மாத்தல. நீங்க இருந்த வரைக்கும் ஓடிச்சு. நீங்க போனீங்க, நின்னுடுச்சு. இது என்ன ராசியோ என்ன எழவோ."

"டிசைனர்கிட்ட குடுங்க. ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்குன்னு அப்படியே படிக்கச் சொல்லுங்க."

டிசைனர் அழுகிற குரலில் படித்தாள். டேட்டாபேஸ் கிடைக்கவில்லையாம். எந்த இடத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று ஒரு எண்ணும் போட்டிருந்ததாம். புள்ளி புள்ளியாக அந்த எண்ணை அவள் படிக்கப் படிக்க, அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். அந்த எண்ணை அவளுக்குத் தன் பிறந்த தேதி மாதிரித் தெரியும். ஆபீஸ் நெட்வொர்க்கில் அவள் லேப்டாப்புக்கென்று கொடுத்திருந்த முகவரி அது.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. கன்டெய்னர் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், டிசைனரின் லேப்டாப்பில் டேட்டாபேஸ் பெட்டி மட்டும் எழுந்திருக்க மறுத்தது. மேனேஜர் பின்னால் வந்து நின்று, "ஆச்சா, ஆச்சா" என்று அரித்தார். இப்போதைக்கு இருக்கட்டும் என்று, உன் டேட்டாபேஸைத் தேடாதே, என்னுடையதை எடுத்துக்கொள் என்று, எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அமைப்பு ஃபைலில் தன் லேப்டாப்பின் முகவரியை எழுதினாள். நாளைக்கு மாற்றிவிடலாம். எழுதியதோ எல்லோரும் நகல் எடுத்துக்கொள்ளும் மாதிரி ஃபைலில். அந்த நாளை வரவே இல்லை. அத்தனை பேரும் அதை நகல் எடுத்தார்கள். அவரவர் லேப்டாப்பில் அவரவர் டேட்டாபேஸ் பெட்டி ஒருவரும் சீந்தாமல் காலியாகக் கிடக்க, மொத்த ஆபீஸும் அவள் ஒருத்தியின் லேப்டாப்பில் குடியிருந்தது. அவள் வந்து திறந்தால் ஓடியது. மூடிவிட்டுப் போனால் நின்றது. ராசியாவது மண்ணாவது. இந்த 'இப்போதைக்கு' என்கிற வார்த்தையைக் கண்டுபிடித்தவனைக் கண்டால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து உதைக்க வேண்டும்.

யாரும் கேட்காமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதற்குள்ளேயே தன்னைக் கொண்டுபோய்க் கட்டிப் போட்டிருக்கிறாள். அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் கத்தவில்லை.

"என்னன்னு தெரிஞ்சுதா?" என்றார் மேனேஜர்.

சரியாகச் செய்வதென்றால் ஒவ்வொருவர் ஃபைலிலும் அந்த வரியை மாற்ற வேண்டும். காலியாகக் கிடக்கும் பெட்டிகளில் தகவலை ஏற்ற வேண்டும். அந்தத் தகவல் டிராயருக்குள் இருக்கிறது. போனிலேயே கைப்பிடித்துக் கூட்டிப் போனால் மதியம் ஆகிவிடும். மற்றொரு வழி ஒரு நிமிஷ வேலை. கதவுக்குப் பின்னால் தங்கையின் குரல் உயர்ந்தது.

"டிராயரைத் திறங்க சார். என் லேப்டாப்பை எடுத்து ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்டு சொல்றேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள். சொல்லும்போது வாய் கசந்தது.

உள்ளே ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். தங்கையின் முகம் முழுக்க வியர்வை. "முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"இப்போதைக்கா, ஒரேயடியாவா?"

அக்கா துணியை எடுத்து அவள் நெற்றியைத் துடைத்தாள். நல்லவேளை, அடுத்த வலி வந்துவிட்டது. அதற்கடுத்த வலிகளுக்கெல்லாம் அவள் அங்கேயே இருந்தாள். பெண் குழந்தை. முதல் அழுகையைக் கேட்டபோது அவளும் அழுதாள். அதில் பாதி சந்தோஷம்தான்.

லீவு முடிந்து ஆபீஸுக்கு வந்த அன்று காலையில் கீழே அரட்டைக் கூட்டம் இல்லை. மேலே எல்லோரும் ஏற்கனவே வேலையில் இருந்தார்கள். யாரும் "ஓடல" என்று சொல்லவில்லை. குழந்தை யார் ஜாடை, எடை என்ன என்று விசாரித்தார்கள். அவளுக்கு ஒரு கணம் மனசு லேசாயிற்று. பிறகுதான் ஜன்னல் ஓரத்தைப் பார்த்தாள்.

அங்கே ஒரு ஸ்டூலின்மேல் அவளுடைய லேப்டாப் திறந்து உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு டேபிள் ஃபேன் அதன் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனாலும் நிற்காதபடி அடியில் பேட்டரிப் பெட்டி. மூடியின்மேல் டெஸ்டரின் கொட்டை எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'அணைக்காதீர்கள். இதுதான் அக்கா.'

"அது இருந்தா போதும்னு ஆயிடுச்சு" என்று மேனேஜர் பெருமையோடு கையைத் தேய்த்தார். "உங்களுக்குப் புதுசு ஒண்ணு வாங்கியிருக்கேன். இனிமே நிம்மதியா லீவு போடலாம்."

பின்னாலிருந்து டிசைனர் சாதாரணமாகக் கேட்டாள், "சார், அக்கா ரொம்ப சூடா இருக்கா? ஃபேனைக் கூட்டவா?"

அக்கா புது லேப்டாப்பில் தன் குறிப்பைப் பார்த்துத் தானே எல்லாவற்றையும் போட்டாள். அதுவும் நல்ல பிள்ளையாகப் போய் ஜன்னலோர ஸ்டூலில் தகவல் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத எரிச்சலில் வருகிற சிரிப்பு. அந்த மெஷின் என்றைக்காவது ஒரு நாள் மூச்சை விடும். அன்று அவள் எந்த வராந்தாவில் நின்றாலும், யாருடைய போனிலாவது கூப்பிடுவார்கள்.

எழுந்துபோய் ஸ்டூல் முன்னால் குனிந்து, தகவல் முழுவதையும் நகல் எடுத்து எல்லோருக்கும் பொதுவான இடத்தில் போட்டாள். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பொறுமையாகச் சரிபார்த்தாள். மாதிரி ஃபைலில் தன் முகவரி இருந்த வரியையும் திருத்தினாள். காகிதத்தைக் கிழித்தாள். ஃபேனை நிறுத்தினாள். பட்டனை அழுத்தி லேப்டாப்பை அணைத்து, மூடியை மூடினாள்.

முதலில் டிசைனரின் தலை திரும்பியது. "அக்கா, ஓடல."

"எனக்கும் ஓடல" என்றார் டெஸ்டர்.

"தெரியும். நான்தான் அணைச்சேன்" என்றாள். "எல்லாரும் அவங்கவங்க அமைப்பு ஃபைலைத் திறங்க. டேட்டாபேஸ் முகவரின்னு ஒரு வரி இருக்கும். நான் சொல்ற மாதிரி நீங்களே மாத்துங்க. அப்புறம் பொது இடத்துல இருக்கிற தகவலை உங்க பெட்டியில ஏத்துங்க. நான் கீபோர்டைத் தொட மாட்டேன்."

மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, எல்லாம் நின்னுடுச்சா? எவ்வளவு நேரம்?"

"ஆகிற நேரம் ஆகட்டும் சார். இன்னிக்கு யாரும் வரலை. நான் இங்கதான் இருக்கேன்."

மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று. டிசைனர் தப்பான வரியை மாற்றிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அக்கா பக்கத்தில் நின்று மறுபடி சொன்னாளே தவிர, கையை முதுகுக்குப் பின்னால்தான் கட்டியிருந்தாள். ஒவ்வொன்றாக எழுந்தன. அழித்துப் புதிதாகப் போட்டதிலிருந்து டிசைனரின் டேட்டாபேஸ் பெட்டியும் முரண்டு பிடிக்கவில்லை. கடைசியாக டெஸ்டர் ஓர் ஆர்டர் போட்டுவிட்டு டிசைனரின் திரையைப் போய்ப் பார்த்தார். அங்கே அது வரவில்லை.

"இனிமே என்னுது இங்க வராதாம்மா?"

"வராது சார். வரக்கூடாது."

அவர் இன்னொரு முறை திரையைப் பார்த்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும் போல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை ஆபீஸ் அதற்கு முன் கேட்டதில்லை.

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்று போனை எடுத்தாள். தங்கை அனுப்பிய குழந்தைப் படங்கள் பார்க்காமலே வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, 'ஒரேயடியா' என்று ஒற்றை வார்த்தையை அடித்து அனுப்பினாள்.

தங்கைக்கு எதுவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. உடனே பதில் வந்தது. 'சரி, அப்ப ஞாயித்துக்கிழமை வா. இவ உன் கையைத் தேடறா.'